இடது சீட்

...மறுபடியும் அதே இடம்தான், மற்ற இடமெல்லாம் வழவழவென்று பிடித்துக்கொண்டுவிட்டது, இந்த இடது பக்கம் மட்டும், டேஷ்போர்டில் க்ளவ் பாக்ஸுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, அடித்த பெயிண்ட் விலகி விலகிக் குழி குழியாக நிற்கிறது, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி... ஸ்ப்ரே டப்பாவில் என்னத்தைக் கலந்து விற்கிறானோ கடைக்காரன். நல்லாக் குலுக்கி அடிக்கணும் என்றான். குலுக்கினேனே, உள்ளே இருக்கிற குண்டு கடகடவென்று சத்தம் போட்டு, வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிற வரைக்கும் குலுக்கினேனே, இன்னும் என்ன, தலைகீழாக நின்று குலுக்கவா? டப்பா முழுக்க இங்கிலீஷ், அதுவும் பொடி எழுத்து. எழுத்து பொடியாக இருந்தாலே அதில் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, படிச்சுச் சொல்றேன் என்றாள் ரோஹிணி. ஒன்றும் வேண்டாம். என் மகள்தான், ஆனால் எனக்குப் படித்துச் சொல்வதற்கு முன்னால் புருஷனுக்குப் படித்துக் காட்டுவாள், அவன் சிரிப்பான்.

அவனால்தானே இத்தனை கூத்தும். மாப்பிள்ளையாம், செல்வராஜாம். ஆஸ்பத்திரியில் என் பெண்டாட்டி சௌந்தரம் காலில் கட்டோடு படுத்திருக்கிறாள், அவள் காதுபடச் சொல்கிறான், "மாமா, நாளைக்கு அத்தையை என் ஏசி வண்டியிலயே கூட்டிட்டு வந்துடறேன், உங்க பியட்டு வேணாம், டேஷ்போர்டைப் பாருங்க, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு." சொல்லட்டும், அவன் வாய். இவள் என்ன செய்தாள்? மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். 'வேணாம் மாப்ளே, நான் அவரோடயே வர்றேன்' என்று ஒரு வார்த்தை... வாயில் முட்டி ஆபரேஷன் பண்ணவில்லையே! ரோஹிணியைப் பெற்று எடுத்துக்கொண்டு இந்த வண்டியில்தான் வந்தாள். தன் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது இதில்தான் போனாள், இதே இடது சீட்டில். இப்போது ஏசி கேட்கிறது. சரி, சொறிதானே குறை, நாளைக் காலையில் வந்து பார்க்கட்டும் என்று ஸ்பீடோமீட்டரைக் கழற்றி, பாட்டரி ஒயரைப் பிடுங்கி, கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, காலையிலிருந்து இதற்குள்ளேயே கிடக்கிறேன், வேர்வை கண்ணுக்குள் வழிகிறது, இடுப்பு போய்விட்டது, இந்தத் தகரம் என்னடா என்றால் என்னையே ஏய்க்கிறது.

பக்கத்து வீட்டு மது மாடியிலிருந்து குனிந்து, "ஜேட்டு, இந்த ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துடும்" என்றான். நான் இவனுக்கு ஜேட்டு, பெரியப்பாவாம். உன்னைக் கேட்டேனா? இந்த டாக்குரியா ஏரியாவில் எவனுக்கும் தன் வீட்டு வேலை கிடையாது, மாடிக்கு மாடி ஒரு வாத்தியார். ஈரம் என்றால் முழுசும் பூத்திருக்க வேண்டாமா, அதென்ன ஓர் இடத்தில் மட்டும் ஈரம்? திரும்பவும் உப்புத்தாளைப் போட்டுத் தேய்... தேய்க்கத் தேய்க்க எங்கேயோ தெரிந்த வாசனை. கிடர்பூர் கப்பல் டாக்கில் கிரேன் ஓட்டும்போது பார்த்திருக்கிறேன், கிரீஸ் பட்ட இரும்பில் பெயிண்ட் நிற்காது, கொக்கி மாதிரிப் பெரிய சாமானுக்கே அந்தக் கதை. இங்கே ஏது கிரீஸ்? விரலை வைத்து மோந்து பார்த்தேன்... தேங்காய் எண்ணெய்.

அடி சண்டாளி. தலைக்கு எண்ணெய் வைத்து, சீவி, அதே கையோடு வந்து உட்காருவாள், வண்டி தெரு முனை திரும்புவதற்குள் உள்ளங்கையை இங்கே அப்பிக்கொள்வாள், பாலிகஞ்ச் பாலம் ஏறி இறங்கினாலும் எடுக்கமாட்டாள். எத்தனை தரம் கத்தியிருப்பேன், கையை எடு, பெயிண்ட் போகுது, நீ பிடிச்சுக்கிட்டா வண்டி நிக்குமா? "நீங்க ரோட்டைப் பாருங்க" என்பாள், கை எடுக்கமாட்டாள். வருஷக்கணக்காக இந்தத் தகரத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள்! மாப்பிள்ளை சொன்ன சொறி வேறெங்கே இருக்கிறது, இங்கேதான், இவள் கை வைத்துத் தேய்த்த இடத்தில்தான். நான் என்ன இடித்தேனா, கவிழ்த்தேனா? கப்பலுக்குள்ளே டன் கணக்கில் இறக்கியவன் நான், ஒரு மூட்டை கிழிந்தது கிடையாது. என்ன, அந்தக் கிரேன் கேபினில் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது... சரி, அதை விடு. தின்னர் ஊற்றித் துடைத்தேன், துணி மாற்றித் துடைத்தேன், வாசனை போகிற வரைக்கும் துடைத்தேன், இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து கிட்டத்தில் வைத்து மெல்லிசாக ஓர் ஓட்டு ஓட்டினேன். நின்றது! குழி இல்லை, கண்ணாடி மாதிரி க்ரீம் கலர். வாடா செல்வராஜு, வந்து பார்.

அப்போதுதானா அந்த மூங்கில் வண்டி வரவேண்டும், பூஜைப் பந்தலுக்கு மூங்கில் ஏற்றிக்கொண்டு, சந்து முழுக்க ஹாரன், வண்டியை எடு எடு என்று. பாட்டரி ஒயர் தரையில் கிடக்கிறது, எப்படி எடுக்கிறது? மது இறங்கி வந்தான், கேட்கவே இல்லை, வலது கதவைத் திறந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டான். டேய், அது என் சீட்டு! "நீங்க அசையாம இருங்க ஜேட்டு, பெயிண்ட் கலைஞ்சிடும், தள்ளச் சொல்றேன்." பின்னால் நாலைந்து தடியன்கள் சேர்ந்து ஒரே தள்ளு. வண்டி போகிறது. முன் கண்ணாடியில் ஒட்டின பேப்பரை அவன் பக்கம் மட்டும் கிழித்துவிட்டுக்கொண்டான், என் பக்கம் ஒரு சின்ன இடுக்குதான், அதில் லைட் கம்பம் வருகிறது, வளர்ந்துகொண்டே வருகிறது. இத்தனை வருஷத்தில் இந்த சீட்டில் நான் ஒரு நாள் உட்கார்ந்தது கிடையாது. இங்கேயிருந்து பார்த்தால் கம்பம் நேரே நம் நெஞ்சுக்குத்தான் வருகிறது. என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது, மிதிக்கிறது, அங்கே பிரேக் இல்லை, வெறும் தரை. "பிரேக்கு! டேய் பிரேக்கு!" மது மெதுவாகத்தான் மிதித்தான், கம்பம் இன்னும் ஓர் ஆள் தூரத்தில் இருந்தது. "கிச்சு ஹோபே நா, ஜேட்டு," என்று சிரிக்கிறான். ஒன்றும் ஆகாதாம். இதே பேச்சை எங்கே கேட்டேன்... நான் இருக்கேன்ல, ஒண்ணும் ஆகாது, சும்மா வா... என் குரல்தான் அது, இந்த வண்டிக்குள்ளேதான்.

குனிந்து பார்த்தால் என் கை அங்கே இருந்தது. க்ளவ் பாக்ஸுக்கு மேலே, அதே இடத்தில், ஐந்து விரலும் விரிந்து, ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு. நான் வைக்கவில்லை, அதுவாகப் போயிருக்கிறது. பிய்த்து எடுத்தேன், தோலோடு வருகிற மாதிரி சத்தம். காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் என் உள்ளங்கையில் க்ரீம் கலரில் இருக்கிறது. மது இறங்கிப் போய்விட்டான், மூங்கில் வண்டி உரசிக்கொண்டு போனது, சட்டைப்பையில் போன் அடிக்கிறது, ஒட்டுகிற கையோடு எப்படி எடுக்கிறது, இடது கையை விட்டுத் துழாவி எடுத்தால், சௌந்தரம்.

"என்னங்க, டேஷ்போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களாமே, ரோஹிணி சொன்னா. மாப்பிள்ளையை வரவேணாம்னு சொல்லிட்டேன்." பின்னால் யாரோ நர்ஸைக் கூப்பிடுகிற சத்தம். "அது காஞ்சிடுமா? நாளைக்குக் கை வைக்கலாமில்ல?"

காயுமா என்று அந்தப் பொடி எழுத்தில்தான் போட்டிருக்கும். நான் இன்னும் இடது சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கம்பம் எதிரே அப்படியே நிற்கிறது. மெதுவா ஓட்டறேன் சௌந்தரம், என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது... சொன்னால் நம்புவாளா? இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தால், நான் நம்பமாட்டேன்.