மேவிஸ் மிதிக்காத பிரேக்

சர்க்கரை வியாதி என் கண்ணைக் கெடுத்துவிட்டது. இனி வண்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பிக்கப் வண்டியையும் அது இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டையும் தனக்கே விற்கச் சொல்லி மச்சினன் ட்வைட் நச்சரித்தான். வருஷத்தில் பாதி நாங்கள் குடியிருப்பதே அதில்தான்!

"நான் ஓட்டுறேன். முடியலன்னா வித்துடலாம்" என்றாள் என் மனைவி மேவிஸ்.

பிக்ஹார்ன் மலையில் எல்க் மான் வேட்டை முடிந்து கிளம்பினோம். மேவிஸ் ஓட்டினாள், ட்வைட் பின்சீட்டில். இறக்கத்தில் எதிரே ஒரு பெரிய லாரி விர்ரென்று கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிக்கப்பையே பிடித்து உலுக்கியது. ஒரு பக்கம் அதலபாதாளம்.

"அக்கா, பிரேக்க மிதி! மிதி!" என்று அலறினான் ட்வைட்.

"வாய மூடுடா!" என்றாள் மேவிஸ்.

அவள் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். டிரெய்லர் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற சின்ன கைப்பிடி ஒன்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உண்டு. அதை மெல்ல அழுத்தினாள். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஆட்டம் குறைந்தது, அப்புறம் அடங்கியே விட்டது. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு! கண் நன்றாயிருந்து நான் ஓட்டியிருந்தால் நிச்சயம் பிரேக்கை மிதித்திருப்பேன்; டிரெய்லர் எங்களைத் தள்ளிப் பள்ளத்தில் போட்டிருக்கும்.

ஓரமாக நிறுத்தி டிரெய்லரைத் திறந்தாள். மான்கறி அடைத்த ஐஸ் பெட்டிகள் எல்லாம் பின்கோடியில் இருந்தன.

"எவன் வேல இது?"

"இறக்க வசதியா இருக்கும்னு நான்தான்க்கா..."

"அறிவு கெட்டவனே! பாரத்தப் பூரா வால்ல வச்சா ஆடாம என்ன செய்யும்? தூக்கி முன்னாடி வை."

ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னே வைத்தான். முடிந்ததும் மேவிஸ் சாவியை அவனிடம் நீட்டினாள்.

"வாங்கப்போறவன் நீதானே? இன்னும் பாதி இறக்கம் இருக்கு. ஓட்டு, பாக்கலாம்."

ட்வைட் பள்ளத்தைப் பார்த்தான், டிரெய்லரைப் பார்த்தான். பின்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.