தோளில் வெளுத்த இலை

“இரும்புத்தூள் கொட்டுற ஊர்ல இரும்பு பத்தலன்றியே, மூள கீள கொழம்பிப்போச்சா?” என்று பாக்கியராஜ் மகள் ஹெலனைக் கேட்டபோது, அவருடைய வலது தோளில் ஏழு செம்பருத்தி இலைகள் இருந்தன. இரண்டாயிரத்து நான்காம் வருடத்து ஐப்பசி மழையில் முளைத்தவை. புதுவாயலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோவில் மட்டும் அவருக்கு ஓரத்து இடம் விட்டார்கள். அவர் வேலை செய்த, இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லின் சூப்பர்வைசர் தணிகாசலம்தான் கறாராகச் சொல்லிவிட்டார்: பச்சை இலை உலைச் சூட்டைத் தாங்கும், வெளுத்தது பற்றிக்கொள்ளும், பொங்கலுக்குள் எல்லாம் பச்சையாகாவிட்டால் கேட் பாஸைத் திருப்பித் தந்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும்.

எட்டாவதோடு நின்றுவிட்ட ஹெலன் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள். பெயின்ட் டப்பாக்களில் வளர்த்த செடிகளின் இலையைப் பார்ப்பாள். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. ஓரம் கருகினால் சாம்பல்சத்து. நைனாவுக்கோ கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. அது இரும்புக் குறை. அந்த ஊர்ப் பக்கம் செடிக்கடியில் ஆணி புதைப்பதைப்போல, கூட்டாளிகள் அவர் சட்டைப்பையில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டார்கள். இலை இன்னும் வெளுத்தது. ஹெலனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் மிஞ்சினாலும் மண்ணில் இருக்கிற இரும்பை வேர் எடுக்காது என்பது, ஷிப்ட் முடிந்து வந்தவரை அம்மா ஞானம்மா வழக்கம்போல வாசலிலேயே நிறுத்தி, உப்புப் போர்த்தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

“நைனா குளிக்க வேணாம்மா.”

“இன்னாடி பேசற? இந்தக் கோலத்துல ஊட்டுக்குள்ள வந்தா பாயெல்லாம் கரியாப் பூடும்.”

“கொழந்த நல்லதுதான் சொல்லுது,” என்றார் பாக்கியராஜ், குடத்துக்கு எட்டாமல் நகர்ந்து.

கார்த்திகை, மார்கழி முழுக்க அவர் குளிக்கவில்லை. பாய், சோற்றுப்பானை, ஞானம்மாவின் பைபிள் எல்லாம் கறுத்தன. ஆறு இலைகள் பச்சையாயின. ஏழாவது மட்டும் காலையில் பச்சையாகவும் மாலையில் வெளுப்பாகவும் இருந்தது. ஏனென்று ஹெலனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

போகியன்று சாயங்காலம் தணிகாசலம் பாஸை வாங்க வந்தார். பாக்கியராஜ் அதை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். தணிகாசலம் அவருடைய தோளைப் பார்க்கவில்லை. சட்டைக் காலர் பொத்தானை அவிழ்த்து, ஹெலன் பக்கம் கழுத்தைத் திருப்பினார். காதுக்குக் கீழே ஓர் இலை, எந்தச் செடியிலும் அவள் பார்த்திராத நீல நிறத்தில் இருந்தது.

“தெனம் குளிக்கிறீங்களா சார்?”

ஆமென்று தலையாட்டினார்.

ஹெலன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தாள். “இது இன்னான்னு தெர்ல சார்.”

காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் இருந்த பாஸைத் தொடாமல், தணிகாசலம் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்துபோனார்.