உப்பு நிற்காத பந்தி

1934ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து கிணத்துக்கடவு பாலுசாமிக் கவுண்டர் இருக்கும் இடத்தில் உப்பு நிற்கவில்லை. அவர் உட்கார்ந்த பந்தியில் குழம்பு சப்பென்று ஆனது, ஊறுகாய் வெறும் புளிப்பாகிப் போனது, அவர் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவனின் வேர்வை கரிப்பில்லாமல் மழைத்தண்ணீராக வழிந்தது. அவர் எழுந்து போன பிறகும் போன உப்பு திரும்பி வராது. புதிதாகத்தான் போட வேண்டும்.

காரணம் தண்ணீர். கவுண்டருக்கு வெகுகாலமாக வயிற்று வலி. சாப்பிட்டு எழுந்தால் சுருண்டு படுத்துவிடுவார். கோயமுத்தூர் டாக்டர் ஒருவர், உங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு, ஆவியாக்கி வடித்த தண்ணீரை மட்டும் குடித்துப் பாருங்கள் என்றார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட தண்ணீரை மருந்து கலக்கவும் பஸ் பேட்டரிக்கு ஊற்றவும்தான் வாங்குவார்கள். அங்கே கோட்டைமேட்டில் ஷேக் பரீத் என்பவர் பன்னீர் காய்ச்சி வடிக்கும் செம்பு வாலை வைத்திருந்தார். கவுண்டர் சந்துப்பக்கத்து வாசல் வழியாகப் போய்க் கேட்டபோது பரீத் தயங்கினார். "குடிக்கறதுக்குங்களா? ருசியே இருக்காதுங்களே. ஒடம்புக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி ரம்ஜான் பீவி, "சோத்துல உப்பக் கொஞ்சம் கூட்டிக்கச் சொல்லுங்க" என்றாள். வாரத்துக்கு ஒரு ஜாடி என்று பேச்சானது. வலி 1933 ஆடியில் குறைந்தது, ஐப்பசியில் அடியோடு போனது. கவுண்டர் இரண்டு ஆள் சோறு தின்றார்.

ஜாடி மதராஸிலிருந்து ரயிலில் வருவதாக வீட்டில் சொல்லியிருந்தார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வழியில்லை. முந்தைய வருஷம் சித்திரை வெயிலில் மயக்கம் வந்து, ஒரு பாய் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததற்காக மாசாணம் என்பவரை ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட வைத்தவர் இதே பாலுசாமிக் கவுண்டர்தான்.

உப்பு போவது தன்னால்தான் என்பது அவருக்கு மாசியிலேயே தெரிந்துவிட்டது. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு மூட்டை உப்பு வாங்கி, வண்டியில் அதன்மேலேயே உட்கார்ந்து வந்தார். வீட்டில் பிரித்தபோது உள்ளே இருந்தது வெள்ளை மணல். வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று மறுவாரம் சந்தையில் சத்தம் போட்டார். அந்த மனுசன் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டு வேறு மூட்டை கொடுத்தான். கவுண்டர் அதை வண்டியில் ஏற்றிவிட்டுத் தான் பின்னால் நடந்தே வந்தார். மூட்டை உப்பாகவே வீடு வந்து சேர்ந்தது. அதன்பிறகு அந்த வியாபாரி இருக்கும் பக்கம் அவர் போகவில்லை.

பங்குனியில் மகள் சென்னியம்மாளைக் கேட்டு அவிநாசியிலிருந்து வந்தார்கள். இரு வீட்டாரும் தட்டில் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்வதென்று முடிவானது. கவுண்டரின் மனைவி முத்தாத்தாள் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்தாள். அவள் கைச்சமையலுக்கென்றே சொந்தபந்தம் தேடி வரும். தகப்பன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. தலைவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டுக் கவுண்டர் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் மாமன் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தார், முகம் மாறியது, இன்னொரு கல்லை வைத்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய் இலையை மடித்தாள். "உப்புக்கல்லுல கூடக் கரிப்பு நிக்காத கையி. இவ பெத்தத எம்பட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுங்களா?" என்றாள். முத்தாத்தாள் கரண்டியோடு நடுவாசலில் நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கவுண்டர் வாயைத் திறக்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவிநாசி வண்டிகள் பூட்டிக்கொண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு முத்தாத்தாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. மகள்தான் பொங்கிப் போட்டாள். ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் முத்தாத்தாள் தனியாக அழுதுகொண்டிருப்பதைக் கண்டு கவுண்டர் அருகில் போய், "உடு அம்மணி, வேற எடம் பாத்துக்கலாம்" என்றார். அவள் உதட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இத்தன நேரம் கண்ணுத்தண்ணி கரிச்சுதுங்க. நீங்க வந்து நின்னதும் கரிக்க மாட்டேங்குது."

அவள் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்று அழுதாள், திரும்பி வந்து அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?"

அவர் கோட்டைமேட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மாடுகள் அசைபோடுவதை நிறுத்தவில்லை.

"பாய் ஊட்டுத் தண்ணி குடிச்சது எனக்குப் பெருசில்லீங்க" என்றாள் முத்தாத்தாள். "அத்தன பேருக்கு முன்னால என்னைய நிக்க உட்டுப்போட்டு, நீங்க கீழ பாத்துட்டு நின்னீங்க பாருங்க. அதைய நான் எங்கீங்க கொண்டு போயி வெக்கறது?"

கவுண்டர் மறுநாள் கோட்டைமேட்டுக்குப் போனார். முதல் தடவையாகத் தெருவாசல் வழியாக நுழைந்தார். இனிமேல் ஜாடி வேண்டாம் என்றார், ஏன் என்பதையும் சொன்னார். பரீத் வாலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "எம்பேரு வெளிய தெரிஞ்சா அவ்வளவு கேவலமுங்களா?" கவுண்டர், "அப்படித்தான் நெனச்சனுங்க பாய்" என்றார். அன்றிலிருந்து அவர் கிணற்றுத் தண்ணீரே குடித்தார். ஆனாலும் உப்பு நிற்கவில்லை. வயிற்று வலியும் திரும்பவில்லை.

அந்த வாரமே ஊர்க்கூட்டத்தைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, விழுந்து கும்பிட்டார். சிலர் சிரித்தார்கள். மாசாணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதியிலேயே எழுந்து போய்விட்டார். பொள்ளாச்சி வியாபாரியிடம் மூட்டைக்கான காசைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் வாங்கிக்கொண்டான், உட்காரச் சொல்லவில்லை. அவிநாசியில் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வெளியே, அடுக்களைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, குற்றம் என்னுடையது, என் வீட்டுக்காரியுடையது அல்ல என்றார். அந்தத் தாய் கேட்டுக்கொண்டாள். அதற்குள் அவர்கள் மகனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

சென்னியம்மாளுக்கு அடுத்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் ஆனது. உப்புச்சர்க்கரையைத் தாய்மாமன் மாற்றினார். தகப்பன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மேளச்சத்தத்தைக் கேட்டார். வந்தவர்கள் அங்கே போய் அவரிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1936இல் மழை பொய்த்தது. ஊருக்கு வெளியே சேரிச் சனங்கள் குடியிருந்த தெற்குவளவுக் கிணறு மாடுகூட வாய் வைக்காத அளவுக்கு உப்பேறிவிட்டது. அந்த வளவுப் பெண் பங்காரு, கவுண்டரின் களத்துமேட்டில் வந்து நின்று, "சாமி, எங்க கெணத்து மேட்டுல செத்த நேரம் வந்து குந்துனா ஆகுமுங்களா?" என்று கேட்டாள். அவர் அதுவரை அந்த வளவுக்குள் கால் வைத்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். காலையில் உட்கார்ந்தார், உச்சிவெயில் வருவதற்குள் தண்ணீர் இளநீராக இருந்தது. அப்புறம் தூர் வாருகிறவர்களைக் கூப்பிடுவதுபோல ஊர் ஊராக அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கூலி வாங்குவதில்லை, கொட்டகை போட்டுக் கொடுத்தால் அதிலும் உட்காருவதில்லை.

முத்தாத்தாள் மறுபடி சமைக்க ஆரம்பித்திருந்தாள். மதியச்சோறு கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, உப்பு தங்கும் தூரத்துக்கு நடந்துபோய், முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் பங்கைத் தின்பாள். ஒருநாள் குடத்தோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க, அந்தக் காய்ச்சி வடிச்ச தண்ணி ஒடம்புக்கு நல்லதுங்களா?" என்று கேட்டார். கவுண்டர் முத்தாத்தாளின் முதுகைப் பார்த்தபடி, "ஒடம்புக்கு நல்லதுதானுங்க" என்றார். வந்தவர் குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்.