தளர்நடைக்கு அவர் சொன்ன அர்த்தம்

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பூனைபோல ஏறிக்கொண்டிருந்தாள் அவள். அலுவலகத்தில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியது சொந்தப் புருஷனை.

விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியே கதி என்று கிடப்பவர் அவர். பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்து தங்கியிருக்கிறார். கொஞ்ச நாளாகப் பகலில் அறைக் கதவு தாழ்போட்டே கிடக்கிறதாம். கேட்டால், தூக்கமாம்.

சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது ஒரு சொல். அவளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. நேற்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டாள்.

"தளர்நடைன்னா குழந்தையோட முதல் நடை. சரி. ஆனா பலம் கூடுற வயசாச்சே, அதுல 'தளர்' எங்கேருந்து வந்துச்சு? தளர்றதுன்னா சோர்ந்து போறதுதானே?"

நாத்தனார் சிரித்தார். "சோறு ஆறுதும்மா. ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வரக்கூடாதா?"

கணவரோ தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பிடி விடுறதும் தளர்றதுதான். முடிச்சு தளருதுன்னு சொல்றதில்லையா? சுவத்துலேருந்து கையை எடுத்ததும் முட்டி ரெண்டும் கழண்டுக்கிற மாதிரி இருக்கும். பாதம் முன்னால போயிடும், உடம்பு பின்னால வந்து சேரும். அதைப் பார்த்துத்தான் பேரு வெச்சிருப்பாங்க."

அகராதிக்குப் பொன்னான விளக்கம். ஆனால், எந்தக் குழந்தையும் வந்து சொல்லாத சேதி, இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது?

வராந்தா ஜன்னல் ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள். கட்டிலிலிருந்து அலமாரிக்கு, கைகளை விரித்து, ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தார் அவர்.

கண்ணாடியைத் தட்டினாள். அவரே நடந்து வந்து கதவைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"பெண்டாட்டிகிட்டயே நாடகமா? தினம் இடுப்பு ஒடிய உங்களைத் தூக்கி உட்கார வைக்கிறேனே, அப்பகூட சொல்ல வாய் வரலையா?"

"மெதுவாப் பேசு. உனக்குத் தெரிஞ்சா உன் முகமே அக்காகிட்ட காட்டிக் கொடுத்துடும்."

"காட்டிக் கொடுத்தா என்ன? தம்பி நடந்தா உங்க அக்கா சந்தோஷப்பட மாட்டாங்களா?"

கீழே கேட் கிறீச்சிட்டது. காய்கறி வாங்கப் போன நாத்தனார் திரும்பிவிட்டார். கணவர் அவசரமாக நாற்காலியில் விழுந்து, போர்வையைக் காலில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சந்தோஷப்படுவா. உடனே பெட்டியும் கட்டுவா. தம்பி எழுந்து நடக்கிற வரைக்கும்தான்னு சொல்லித்தான் அத்தான் அனுப்பியிருக்காரு. இருன்னா இருக்க மாட்டா." படியேறும் சத்தம் நெருங்கியது. அவர் குரல் காற்றாய்க் குறைந்தது. "எனக்குத் தலையணை சரி பண்ண அவ குனிஞ்சப்ப, கழுத்துக்குக் கீழே பார்த்தேன். அத்தான் இஸ்திரிப் பெட்டியால சுட்ட தழும்பு."