நடுவரின் அம்மா

ரேடியோவின் ஒயரைச் சொராய்தா சுவரிலிருந்து பிடுங்கினாள். அன்செல்மோ மாமா குனிந்து மறுபடியும் செருகினார். இருவருக்கும் நடுவே, நான்கு மெழுகுவத்திகளுக்கு இடையில், சொராய்தாவின் அம்மா எர்மெலிந்தா பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்று விடிகாலையில் போனவள். இப்போது மணி பத்தேமுக்கால். பதினொன்றுக்கு ஆட்டம், மூன்றுக்கு அடக்கம்.

"இன்னிக்கு ஒரு நாளாவது வேணாம் மாமா. அவ உடம்பு வீட்டுல இருக்கறப்போ, அவளைத் திட்டறத நாமளே போட்டுக் கேக்கணுமா?"

மாமா சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

சொராய்தாவின் தம்பி எவெலியோ, தேசிய முதல் பிரிவுக் கால்பந்தில் பதினெட்டு வருஷமாக நடுவர். கோஸ்டா ரிக்காவில் அந்தத் தொழிலுக்கு என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். பந்து கோட்டைத் தாண்டிய தகராறு என்றால் அவன் கண்ணைத் திட்டுவார்கள். பெனால்டி கொடுத்துவிட்டாலோ நேரே அம்மாவிடம் போய்விடுவார்கள். எட்டாயிரம் பேர், ஒரே குரலில், தாளம் தட்டி. அந்த அம்மா குட்டையா நெட்டையா, அவள் பேர் என்ன, ஒருவருக்கும் தெரியாது.

மாமாவே ஒருமுறை அதைச் செய்திருக்கிறார். ரியோ சேக்கோ அணி என்றால் அவருக்கு உயிர். அந்த அணிக்கு எதிராக எவெலியோ விசில் ஊதிய ஒரு ஞாயிறு, கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். பாதியில்தான் உறைத்தது, தான் இழுப்பது தன் கூடப்பிறந்த அக்காவை என்று. சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து அவளிடமே சொன்னார். எர்மெலிந்தா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். பிறகு அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறும் அவரைப் பயறும் போட்டாள்.

"நல்லா சத்தமாக் கத்தினியா?" என்றுதான் கேட்டாள்.

அவள் அப்படித்தான். ஞாயிறுதோறும் நீலப் பீங்கான் குவளையில் காபியை எடுத்துக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்காருவாள். அந்தக் கூச்சல் கிளம்பியதும் குவளையை ரேடியோவை நோக்கி ஒரு சாண் தூக்குவாள், கல்யாண வீட்டில் யாரோ தனக்கு வணக்கம் சொன்ன மாதிரி.

"இதோ, என்னைக் கூப்பிடறாங்க."

சொராய்தாவுக்கு உடம்பு கூசும். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற தொட்டியில் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை அவள் காது கொடுத்துக் கேட்டதில்லை.

இன்றைக்கு இருபத்திரண்டாவது வாரம், பருவத்தின் கடைசி ஆட்டம். சொந்த மைதானத்தில் ஆடும் ரியோ சேக்கோ சமன் செய்தால் தப்பிக்கும். தோற்றால் முப்பது வருஷத்துக்குப் பிறகு இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். வேறு ஆளை அனுப்புகிறோம் என்று நடுவர் சங்கத்தில் சொல்லியும் எவெலியோ கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாளாம், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போ, ஒரு ஊரே காத்துக் கிடக்கிறது என்று. காலையில் வாசலில் வைத்துச் சொராய்தா கேட்டாள், "அவளை அத்தனை பேர் வாயிலயும் போட்டு மெல்ல விட்டுட்டு வந்து, அப்புறம் மண்ணள்ளிப் போடுவியா?" அவன் அவிழாத ஷூ கயிற்றைக் குனிந்து ஒருமுறை கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் கூட்டம் கடல் மாதிரி இரைந்தது. அதற்கு மேலே மைதானத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஆட்ட நடுவரின் தாயார், திருமதி எர்மெலிந்தா கொர்ராலெஸ் பதில்யா, எழுபத்தாறு வயது, நேற்றுக் காலமானார். ஒரு நிமிட மௌனம்."

முழுப் பெயர். அப்பா வீட்டுப் பெயரும் அம்மா வீட்டுப் பெயருமாக. சொராய்தா கேலிச் சீழ்க்கைக்காகக் காத்திருந்தாள். இரைச்சல் நின்றது. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று மாமா காதை அதில் ஒட்டவைத்தார். கெடவில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு மோதுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை இருமியது. எட்டாயிரம் பேருக்கு நடுவில் ஒரு குழந்தையின் இருமல் மலை தாண்டி இந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த மௌனத்தை முடித்து வைக்க வேண்டியதும் நடுவர்தானே. விசில் வந்தது, ஆரம்பத்தில் கொஞ்சம் உடைந்து, பிறகு நேராக.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. மாமா உதட்டுக்குள் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது ரியோ சேக்கோவின் பின்வரிசைக்காரன் ஒருவன் தன் அணியின் கோல் முன்னால் விழுந்தான். பந்து அவன் கையில் பட்டது. விசில்.

"பெனால்டி," என்றார் வர்ணனையாளர். "கைதான். நான் பார்த்தேன். கைதான்."

சொராய்தாவின் கை ஒயருக்குப் போனது. எட்டாயிரம் மார்புகள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. இனி அது வெளியே வர வேண்டியதுதான். பெட்டியின் விளிம்பை இன்னொரு கையால் பற்றிக்கொண்டாள்.

வரவில்லை. இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது. மைக்குக்குப் பக்கத்தில் எவனோ ஒருவன் மட்டும் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டான்.

"டேய், உங்கம்மா..."

அதோடு நின்றான். பிறகு அதே குரல், கோயிலுக்குள் நுழைந்தவன் குரல் போலத் தணிந்து, "எர்மெலிந்தாம்மாவுக்குக் கடவுள் இளைப்பாறுதல் கொடுக்கட்டும்," என்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை, அங்கேயும் இங்கேயும்.

சொராய்தா ஒயரை விட்டாள். வெள்ளிக்கிழமை கழுவிக் கவிழ்த்த நீலக் குவளை மேஜையில் அப்படியே இருந்தது. அதை நிமிர்த்திக் காபியை ஊற்றி, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோல்," என்றார் வர்ணனையாளர், இழவு வீட்டில் பேசுகிற குரலில். அன்செல்மோ மாமா தலையிலிருந்த ரியோ சேக்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரேடியோவில் அழுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் கேட்டது.

சொராய்தா குவளையை ரேடியோவை நோக்கி ஒரு சாண் தூக்கினாள். தம்பியின் கடைசி மூன்று விசில் கேட்கும்வரை கையை இறக்கவில்லை.