திறந்திருந்த வலைக்கதவு

அன்று, எல்லோரும் 'து பெரியப்பா' என்று அழைக்கும் ஆரஞ்சு விவசாயியின் பழக்கொட்டகையில் ஐந்து பேர் இருந்தோம். தேநீர் மேசையின் தலைப்பக்கம், வாசலைப் பார்த்தபடி எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் கோ. அவருக்கு வலப்புறம் ஆரஞ்சு விவசாயிகள் குழுவின் செயலாளர் ஹுங். இடப்புறம் நான், மடியில் சோதனை முடிவுகளோடு. தேநீர் ஊற்றும் இடத்தில் பெரியப்பாவின் மருமகள் பெய்-ச்சுன். பெரியப்பா மட்டும் மேசையோடு சேரவில்லை. கொட்டகை அவருடையதுதான். ஆனாலும், பழம் தரம் பிரிக்கையில் உட்காரும் குட்டை பிளாஸ்டிக் முக்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முடிவை நான் வாசித்தேன். வலைக்கூடத்துக்குள் இருந்த இருபத்துநான்கு கன்றுகளில் பதினேழில் மஞ்சள் தளிர் நோய்.

எள்ளளவே இருக்கும் ஒரு பூச்சி, நோய் பிடித்த மரத்தில் சாறு குடித்துவிட்டு நல்ல மரத்தில் போய் உட்கார்ந்தால் அதற்கும் நோய் வந்துவிடும். மருந்து கிடையாது. குகெங் மலையடிவாரத்தில் பாதித் தோட்டங்கள் இப்படித்தான் காப்பித் தோட்டங்களாயின. நாங்கள் அந்தப் பூச்சியின் மரபணுவை மாற்றி, நோய்க்கிருமி அதன் உடம்பில் தங்காதபடி செய்திருந்தோம். அதைத் தோட்டத்து வெயிலில் சோதிக்க ஓரிடம் தேவைப்பட்டது. நோய் கண்ட ஆறு மரங்களை வெட்டாமல் வைத்து, அவற்றைச் சுற்றி வலைக்கூடம் கட்ட இடம் கொடுத்தவர் பெரியப்பா ஒருவர்தான். நல்ல கன்றுகளை உள்ளே நட்டோம். எங்கள் பூச்சிகளை விட்டோம். கன்றுகள் பிழைத்திருந்தால் நாங்கள் வென்றிருப்போம்.

"போன வருஷம் ஜூலைப் புயல் அன்னிக்கு நான்தான் உள்ள போனேன்" என்றார் பெரியப்பா, தரையைப் பார்த்தபடி. "சாஞ்ச கன்னுக்கு முட்டுக் குடுத்தேன். வெளிய வந்து கதவைச் சாத்துனேனான்னு ஞாபகம் இல்ல. காலையில பாத்தா திறந்து கெடக்கு. வெளிப் பூச்சி உள்ள பூந்திருக்கும்."

"அப்பாவுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?" என்றாள் பெய்-ச்சுன், கெண்டியைச் சாய்த்துக்கொண்டே. "பல்செட்டை எடுத்து அரிசி டப்பாக்குள்ள வெச்சவருதானே. காப்பிச் செடி போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். ஆராய்ச்சி டாக்டர் சொல்றாங்க, டாக்டர் சொல்றாங்கன்னு ஒரே பாட்டு."

"பத்துத் தோட்டம் இந்தச் சோதனையில சேர்றதா இருந்துச்சு து அண்ணே" என்றார் ஹுங். "இப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"நானே சொல்லிடறேன். அடுத்த கூட்டத்துல குழுத் தலைவர் பொறுப்பையும் திருப்பிக் குடுத்துடறேன்."

எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, எங்கள் முன் இடுப்பு வளையக் குனிந்தார். எழுபத்தொரு வயது. பேராசிரியர் பாதி எழுந்து, "விடுங்க பெரியப்பா, யாருக்கும் நடக்குறதுதான்" என்றார். நானும் அதையே சொன்னேன். அப்போது அதை நான் நம்பினேன்.

கிளம்பும்போது ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தார். "என்னோடது கசக்குது. இது பக்கத்து ஊர்ல வாங்குனது, தைரியமா சாப்பிடுங்க."

திறந்த கதவே காரணம் என்று எழுதிய இறுதி அறிக்கை மாதக் கடைசிக்குள் போக வேண்டும். அனுப்புவதற்கு முன் எல்லா மாதிரிகளையும் ஒரு முறை சரிபார்ப்பது என் வழக்கம். தோட்டத்தில் விடும் நாளன்று அவற்றை வளர்த்த அதே கூண்டிலிருந்து நாற்பது பூச்சிகளை எரிசாராயக் குழாயில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் எங்கள் அடையாள மரபணு இருக்கிறதா என்று பார்த்தேன். இருபத்தொன்பதில் இருந்தது. பதினொன்றில் இல்லை.

மறுநாள் மறுபடி பார்த்தேன். பதினொன்றுதான்.

பெரியப்பா கதவைத் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, மரபணு மாற்றாத காட்டுப் பூச்சி எங்கள் கூண்டுக்குள் இருந்திருக்கிறது.

எப்படி வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு ஏப்ரலில் கல்லறை துப்புரவுத் திருநாளுக்கு நான்கு நாள் விடுமுறை. ஆய்வுக்கூடமே ஊருக்குக் கிளம்பியிருந்தது; கூண்டைக் கவனிக்கும் முறை என்னுடையது. பூச்சி முட்டையிட இளந்தளிர் வேண்டும். செடியறையில் தளிர் தீர்ந்துவிட்டிருந்தது. அம்மா இரண்டு முறை அழைத்துவிட்டாள். "அப்பா கல்லறையில புல்லு முழங்கால் உசரம் நிக்குது, நீ எத்தனை மணி ரயில்ல வர்றே?" பின்சுவரோரம் கறிவேப்பிலை இனத்து வேலிச்செடி, இரண்டு வாரம் முன் வெட்டிவிட்டது, அப்போதுதான் பளபளவென்று துளிர்த்திருந்தது. ஒரு கைப்பிடி ஒடித்தேன். தண்ணீரில் அலசினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கூண்டுக்குள் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். விரியாத இலைமடிப்புக்குள் காட்டுப் பூச்சியின் முட்டை இருக்கும் என்று வகுப்பில் பாடம் எடுப்பவள் நான். திரும்பி வந்தபின் பூச்சிகளை விளக்கொளியில் நிறுத்தி, எங்கள் பூச்சியின் அடையாளமாகக் கண் சிவப்பாக மின்னுகிறதா என்று பார்த்திருக்கலாம். விடுமுறைக்கு முன்பே பார்த்தாயிற்று என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் பேராசிரியரிடம் போனேன். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யூ, குழாயில லேபிள் மாறியிருக்கலாம்ல?"

"என் கையெழுத்து சார்."

"புயலன்னிக்குக் கதவு திறந்திருந்துச்சா இல்லையா?"

"திறந்திருந்துச்சு."

"அப்ப அறிக்கையில பொய்யுன்னு ஒண்ணும் இல்ல."

பேராசிரியர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் பணி நீட்டிப்புக் கூட்டம் இருபத்தெட்டாம் தேதி. இது உள்ள போச்சுன்னா நான் என்ன வாதாடினாலும் நிக்காது. முப்பத்தாறு வயசுல வேற எங்க போவே?"

"தெரியல சார்."

"அந்த மனுஷன் இதுக்குள்ள மறந்திருப்பாரு."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் மண் எடுக்கப் போயிருந்தேன். வலைக்கதவில் பெரியப்பா புதிதாக மூன்று தாழ்ப்பாள் போட்டிருந்தார். உள்ளே காப்பாற்ற ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் மூடி, இழுத்துப் பார்த்து, நான்கடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். பெய்-ச்சுன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை. "தூங்கறப்பவும் எழுந்து வந்து பாக்குறாரு அக்கா" என்றாள் மெதுவாக.

அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அறிக்கையைத் திருத்து" என்றார். "பெரியவருக்கு ஒரு கடிதம் உன் பேர்ல எழுது. என் பேரும் கீழ இருக்கட்டும்."

கடிதத்தைக் கையால் எழுதினேன். பெரியப்பாவுக்குக் கண் மங்கல். பெய்-ச்சுன்தான் வாசித்துக் காட்டுவாள். அவள் வாய்க்குத் தடுக்காதபடி வாக்கியங்களைச் சிறிதாக்கினேன். தேதிகளை வரிசையாகப் போட்டேன்: தளிர் ஒடித்த நாள், பூச்சி விட்ட நாள், புயல் நாள். வருந்துகிறேன் என்ற சொல் முதல் வரைவில் ஐந்து இடத்தில் இருந்தது. நான்கை அடித்தேன்.

"கதவு திறந்திருந்ததால் கன்றுகளுக்கு நோய் வரவில்லை. அதற்கு முன்பே தவறு நடந்துவிட்டது. அதைச் செய்தவள் நான். நீங்கள் எங்கள் முன் குனிந்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்தபின் பன்னிரண்டு நாள் தாமதித்தேன், அது தெரிந்தே செய்தது. குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லுங்கள். தலைவர் பொறுப்பை விடாதீர்கள். ஆறு மரங்களையும் கன்றுகளையும் வெட்டி எரித்துவிட வேண்டும். அந்த வேலைக்கு நான் வருகிறேன்."

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அஞ்சலகத்தில் உறையின் மடிப்பில் பசை தடவி, நுனியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு மூலை எழும்பியது, மறுபடி அழுத்தினேன்.

"பதிவுத் தபாலா? உள்ள என்ன?" என்றாள் சன்னலில் இருந்த பெண்.

"கடிதம்தான்."

"குகெங்குக்கு நாளைக்கு மத்தியானம் போயிடும்."

முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த பச்சைப் பைக்குள் போட்டாள்.