மொட்டைமாடிக் கெண்டை

கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் வீட்டுக்காரர் பாஸ்கல் அவனையும் மிஞ்சியவர். காசிமேடு மீன் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, ராயபுரத்து மொட்டைமாடியில் மீன் வளர்த்தார். அதுவும் என்ன மீன்? ஜிலேபி கெண்டை. எங்கள் ஜனம் அதைச் சேற்று மீன் என்று சொல்லும். பூனைக்குப் போட்டால் பூனை நம்மை ஒரு மாதிரி பார்க்கும்.

நான் சிலுவையம்மாள். முப்பது வருஷமாகக் காசிமேட்டில் மீன் விற்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே எந்த மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். எனக்கே மீனைப் பற்றிப் பாடம் நடத்தினார் அந்த மனுஷன்.

வண்ணாரப்பேட்டை மோட்டார் மெக்கானிக் மொஹ்சின் அவருக்கு தோஸ்து. ரெண்டு பேரும் போனில் எதையோ பார்த்துவிட்டு, பழைய சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து மீனை விட்டார்கள். பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு நீல டிரம்மைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தை வெட்டி, ஜல்லி நிரப்பி, கீரை நட்டார்கள். சின்ன மோட்டார் ஒன்று தொட்டித் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். அது கீரை வேரை நனைத்துவிட்டு மறுபடி தொட்டிக்கே இறங்கும்.

"மீனு கழிவு கீரைக்கு எரு. கீரை தண்ணிய சுத்தம் பண்ணி மீனுக்கே திருப்பி வுடுது," என்றார். "அந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்குது சிலுவ. எல்லா வேலையும் அதுதான் பண்ணுது. அது குடியேறவே ஒன்ற மாசம் ஆச்சு."

"கண்ணுக்குத் தெரியாத கிருமிய கும்பிட்டுகினு கீற. கண்ணு முன்னாடி நிக்கிறனே, எனக்கு ஒரு டீ உண்டாய்யா?" என்றேன்.

லாரித் தண்ணீரை ரெண்டு நாள் குடத்தில் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். பேரப்பிள்ளைக்குக்கூட அப்படிப் பால் ஆற்றியதில்லை. காசிமேட்டில் என் பக்கத்துக் கூடைக்காரி ஃப்ளோராவிடம் இதையெல்லாம் தினமும் சொல்லிச் சிரிப்பேன். "உன் வூட்டுக்காரரு இன்னிக்கு மீனுக்குத் தாலாட்டு பாடினாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவளும் கூடையை இறக்குவாள்.

எதற்கு இந்தக் கூத்தென்றால், எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை வீசிப் பிழைத்த புனிதர் இராயப்பர் திருநாளில், கடலுக்குப் போகிற ஒவ்வொரு வீடும் தன் வலையில் விழுந்த பெரிய மீனைப் பீடத்துக்கு முன்னால் வைக்கும். காசு கொடுத்து வாங்கின மீனை வைக்கக் கூடாது. பாஸ்கல் ஒரு வருஷம் பதினெட்டுக் கிலோ வஞ்சிரம் வைத்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தது. அதோடு கடல் முடிந்தது. அன்றிலிருந்து திருநாளில் கடைசித் தூணோரமாக நிற்பார். இந்த வருஷம் தன் கையால் ஒரு மீனாவது வைத்தே தீருவது என்று பிடிவாதம்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரே கொடுவாயும் வஞ்சிரமுமாகக் கொண்டுவரும் இடத்தில், இவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபியை வைப்பாராம்.

திருநாளுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், கைக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன். ஜல்லி முழுக்கப் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. கலீஜ் என்றால் அப்படியொரு கலீஜ். கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. கூடையையும் மீன் வெட்டும் பலகையையும் சாயங்காலம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காமல் ஒரு நாளும் நான் வீட்டுக்கு வந்ததில்லை. அதே பவுடரைக் கொண்டுவந்தேன். ஜல்லியை அள்ளி அள்ளித் தேய்த்து, லாரித் தண்ணீர் நாலு குடம் ஊற்றி அலசி, பழையபடி நிரப்பிக் கீரையை நட்டு மோட்டாரைப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் கொஞ்சம் பாசமும் இருந்தது. கோயிலுக்குப் போகிற மீன் ஒரு நாளாவது சுத்தமான தண்ணீரில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நாற்பது மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

பாஸ்கல் தொட்டியோரம் குந்தினார். வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கெட்டில் போட்டார். நான் படியிலேயே நின்றேன். யார் மேலாவது பழி போடுவார், மோட்டாரையாவது மொஹ்சினையாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. "நான்தான்யா கல்லைக் கழுவினேன். பிளீச்சிங் போட்டு," என்றேன்.

"தெரியும். கல்லு வெள்ளையா கீதே."

"அறிவு கெட்டுப்போச்சுய்யா எனக்கு. நாளைக்கு என் கூடையிலர்ந்து ஒரு கொடுவா எடுத்துக்கினு போ. யாரு பாக்கப் போறா?"

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அழுகின மீனைக் கையில் எடுத்து நான் பார்க்கிற பார்வை அது.

"மூணு மாசமா நீ சிரிச்ச. ஒரு மீனும் சாவல. ஒரே ஒரு நாளு நல்லது பண்ணலாம்னு மேல வந்த," என்றார்.

நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

திருநாளன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டார். எப்போதும் வலது மணிக்கட்டுப் பொத்தானை நான்தான் மாட்டிவிடுவேன். பக்கத்தில் போனேன். விலகிக்கொண்டு, பல்லால் கடித்து அவரே மாட்டிக்கொண்டார். தெருவெல்லாம் ஆட்கள் கூடையும் தட்டுமாக மீன் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவில் அவர் வெறுமனே கையை வீசிக்கொண்டு நடந்தார். ஒரு கைதான் வீசியது.